கதையின் முடிவும் புறவாசலும்

(ஐந்தருவியில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியாடுவதற்காகவே வருகிறார்கள். ஆயினும் இம்மலையடிவாரத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ரசிகமணி டி.கே.சி. அவர்கள் தம்முடைய பிற்காலத்தை இவ்வூரிலே கழித்து, தேடி வந்த நண்பர்களுக்கெல்லாம் அருவியின் சுகத்தையும் கவிதையின் சுகத்தையும் ஒருங்கே காட்டி மகிழ்ந்தார்கள். அவர்களுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இங்கிருந்து நடந்தே போய்வரக்கூடிய மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடி இவ்வூரின் பெயரைத் தமிழ் உள்ளளவும் நிலைபெறச் செய்தார். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு அந்தக் குறவஞ்சியே தக்க தோரணவாயில் என்று கருதுகிறேன்.

குறவஞ்சியில் இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி வசந்தவல்லி. உயர்குடியில் பிறந்தவள், பந்தாடுவாள், வீதியில் எழுந்தருளும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்வாள், கொண்ட பிறகு நிலவைப் பழித்தும் தோழியைத் தூது விடுத்தும் மனைக்குள்ளேயே வாடுவாள். மற்றொருத்தி சிங்கி என்னும் குறத்தி. கூடையைத் தாங்கித் தெருவிலே தனியே நடந்து வருவாள். தன் மலையின் வளத்தைத் தானே எடுத்துரைப்பாள். போய்வந்த தேசங்களைப் பெருமையோடு அடுக்குவாள். குறி சொல்லிப் பெற்ற நகைகளை ஒவ்வொன்றாகச் சுட்டிச் சந்தேகத்தோடு வினவும் கணவனுக்குக் கூச்சமின்றி விடை கொடுப்பாள். குலத்தால் உயர்ந்தவளுக்குக் கால் கட்டப்பட்டிருக்கிறது. குலத்தால் தாழ்ந்தவளுக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக அவள் அவ்வழியை நடந்தே தீர வேண்டும். இருவரும் நேருக்கு நேர் அமர்ந்து, ஒருத்தியின் கையை மற்றொருத்தி பற்றிப் பேசுகிற அந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. இவ்விருவரையும் பேசவைத்தவர் ஓர் ஆண்மகன். அவ்விருவருமே எழுதுகோலை எடுத்திருந்தால் எதை எழுதியிருப்பார்கள்? எழுதியதை ஊரார் முன்னிலையில் வைக்க என்ன விலை கொடுத்திருப்பார்கள்? இருவருக்கும் அந்த விலை ஒன்றாகவே இருந்திருக்குமா?

இக்கேள்விக்குரிய விடை, பெண்களே நாவல் எழுதப் புகுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கிடைக்கிறது. அந்நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெண்கள் எழுதிய கதைகளையும், நம் நாட்டில் அதே காலத்திலும் அதை அடுத்தும் பெண்கள் எழுதிய கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால், கடல்கள் இடையிட்டுக் கிடந்தும், மதமும் பாஷையும் வேறாக இருந்தும், இரு தேசத்துப் பெண்களையும் மூன்று கட்டுகள் ஒரேவிதமாகப் பிணித்திருந்தமை விளங்கும். பெண்ணாய்ப் பிறந்ததனால் வந்த கட்டு ஒன்று. செல்வமும் குலமும் வகுத்த கட்டு இன்னொன்று. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற ஊர்வாய்க் கட்டு மூன்றாவது. இம்மூன்றில் எதை அறுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று பார்ப்பதே இன்றைய என் நோக்கம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 1850-ஆம் ஆண்டு முதலாக அங்கே பெண்கள் எழுதிய நாவல்கள், ஆண் எழுத்தாளர்கள் கண்டு பொறாமை கொள்ளுமளவுக்கு விற்பனையாயின. நத்தானியேல் ஹாதார்ன் என்னும் பெரிய நாவலாசிரியரே 1855-இல் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதமொன்றில், கிறுக்கித் தள்ளும் இந்தப் பெண்கள் கூட்டத்தால் தமக்குப் பிழைப்பே இல்லாமற் போயிற்று என்னும் கருத்துப்படச் சினந்து எழுதினார். அக்கூட்டத்தில் ஒருவர் ஃபேனி ஃபெர்ன் என்னும் புனைபெயரில் எழுதிய சாரா விலிஸ் அம்மையார். கணவனை இழந்து, குழந்தைகளோடு நிராதரவாக நின்று, பத்திரிகாசிரியராக இருந்த சொந்தச் சகோதரராலும் கைவிடப்பட்டு, தையலிலும் பிழைக்க வழியின்றிப் பேனாவைப் பற்றியவர் அவர். தம் வாழ்க்கையையே 'ரூத் ஹால்' என்னும் நாவலாக 1854-இல் வெளியிட்டார். அக்காலத்து நாவல்களிற் பெரும்பாலானவை கலியாணத்திலே மங்களம் பாடி முடிந்தன. இந்நாவலோ, கதாநாயகி தன் எழுத்தால் ஈட்டிய பணத்துக்கு வாங்கிய வங்கிப் பங்குப் பத்திரத்தை வாசகர் கண்முன் நிறுத்துகிறது. ஆசிரியர் யார் என்று வெளிப்பட்டதும் எழுந்த கண்டனமோ கொஞ்சநஞ்சமன்று. ரூத் ஹால் என்னும் பாத்திரத்தின் குணத்தைப் பற்றிய விசாரணை நொடியில் சாரா விலிஸ் என்னும் பெண்ணின் குணத்தைப் பற்றிய விசாரணையாக மாறிவிட்டது. பெற்ற தகப்பனையும் கூடப்பிறந்தவனையும் கதையில் இழுத்துவைத்தவள் குடும்பப் பெண்தானா என்று பத்திரிகைகள் கேட்டன.

இந்த இடத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஆண் ஒருவர் கதையில் ஒரு தாசியைப் படைத்தால் அவரை யாரும் தாசி என்பதில்லை. பெண் ஒருவர் தம் கதாநாயகியைச் சற்றே வாயாடியாகப் படைத்துவிட்டாலும் அந்த வாய் ஆசிரியருடைய வாய் என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே பெண்ணுக்குக் கதை எழுதுவதென்பது தன் நல்ல பெயரைப் பணயமாக வைக்கும் காரியமாகவே இருந்தது.

லூயிசா மே ஆல்காட் அம்மையாரின் சரித்திரம் இதை இன்னும் தெளிவாக்கும். 1868-இலும் 1869-இலுமாக இரு பாகங்களாக வெளிவந்த அவருடைய 'லிட்டில் விமன்' நாவலில், ஜோ என்னும் பெண் எழுத்தாளராக வேண்டும் என்றே ஆசைப்படுகிறாள். செல்வந்தனான லாரி விரும்பிக் கேட்டும் மணக்க மறுக்கிறாள். ஜோவைக் கலியாணமில்லாத எழுத்தாளராகவே விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆசிரியரின் எண்ணம். ஆனால் முதற்பாகத்தைப் படித்த சிறுமிகள் அவளுக்கு எப்போது கலியாணம், யாருடன் கலியாணம் என்று கடிதமாக எழுதிக் குவித்தார்கள். ஆசிரியர் இணங்கினார், நடுவயதுடைய ஒரு ஜெர்மானியப் பேராசிரியருக்கு அவளை மணமுடித்து வைத்தார். தாமோ கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. தம் வாழ்க்கையில் கொடாத இணக்கத்தைத் தம் கதையின் கடைசி அத்தியாயத்தில் கொடுத்தார்.

ஜோவின் கதையை அறிந்த நம்மிற் பலர் அறியாத வேறொரு கதை ஆல்காட்டுக்கு உண்டு. தகப்பனார் பெரிய தத்துவ ஞானி. ஆனால் வீட்டில் அடுப்பெரிக்க வகையில்லாதவர். 1851-இல், பதினெட்டு வயதில், ஆல்காட் டெடம் என்னும் ஊரிலுள்ள ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாகப் போனார். கௌரவமான துணைப்பெண் வேலை என்று சொல்லி அழைத்துப் போனவர்கள், பனியைத் தள்ளவும், கிணற்றிலிருந்து நீர் இறைக்கவும், விறகு பிளக்கவும் வைத்தார்கள். ஏழு வார ஊழியத்துக்குக் கொடுத்த கூலி நான்கு டாலர். அந்தத் தொகையை அவர் குடும்பத்தார் அப்படியே திருப்பியனுப்பிவிட்டார்கள். இந்த அனுபவத்தை எழுதிப் புகழ்பெற்ற பதிப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனபோது, உமக்கு எழுத வராது, உபாத்தியாயினி உத்தியோகத்தையே பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில் விடை கிடைத்தது. அக்கட்டுரை 1874-இல்தான், ஆசிரியர் புகழ்பெற்ற பிறகுதான், அச்சேறியது. ஆக, கலியாணமில்லாத எழுத்தாளரைக் கதாநாயகியாக உலகம் பாதி மனதோடு ஏற்றுக்கொண்டது. கைநொந்த வேலைக்காரியைக் கதாநாயகியாக ஏற்க அது அணியமாக இல்லை. 'லிட்டில் விமன்' குடும்பத்திலும் ஹன்னா என்றொரு வேலைக்காரி உண்டு. குடும்பம் நொடித்துப்போன பின்னும் விசுவாசத்தோடு அங்கேயே இருப்பவள். அடுப்படியை விட்டு அகலாதவள். நான்கு பெண்களின் ஆசைகளையும் அணு அணுவாகச் சொன்ன ஆசிரியர், ஹன்னாவுக்கு ஓர் ஆசை உண்டா என்று கேட்கவில்லை. நான்கு டாலர் கூலியின் கசப்பை அறிந்தவரே கேட்கவில்லை.

இனி நம் தேசத்துக்கு வருவோம். ஆல்காட் அம்மையார் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1862-இல், பம்பாய் மாகாணத்து அகமத்நகரில் கிருபாபாய் என்றொரு பெண் பிறந்தார். பெற்றோர் பிராமணராய்ப் பிறந்து கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர்கள். தமையன் பாஸ்கரனின் புத்தகங்களே அவருக்கு முதற்பள்ளி. பம்பாயில் படித்தபோது அமெரிக்கப் பெண் வைத்தியர் ஒருவருடைய பழக்கம் கிட்டியது. அந்தப்புரங்களில் அடைபட்டு வைத்திய உதவியின்றி மடியும் பெண்களுக்காகத் தாமும் வைத்தியம் கற்க வேண்டும் என்னும் விருப்பம் வேரூன்றியது. இங்கிலாந்து சென்று படிக்க வாய்ப்பு வந்தும் உடல்நிலை இடங்கொடாமையால், 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878-இல் சேர்ந்தார். முதலாண்டிலேயே பரிசுகள் பெற்றார். அந்த ஓராண்டின் கடுமையிலேயே உடம்பு முறிந்து படிப்பை விட்டார்.

சென்னையில் அவர் தங்கியிருந்த வீடு நம் திருநெல்வேலியோடு நெருங்கிய தொடர்புடையது. வீட்டுத் தலைவர் டபிள்யூ.டி. சத்தியநாதன், திருநெல்வேலிச் சீமையில் இந்துவாய்ப் பிறந்து பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கற்றுக் கிறிஸ்தவரானவர். அவர் மனைவி அன்னாள் அம்மையார், திருநெல்வேலித் திருச்சபையின் மூத்த தமிழ்க் குருமாருள் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் புதல்வி. 'நல்ல தாய்' என்று ஒரு சிறு நூல் எழுதியவர். பெண் என்பவள் நல்ல தாயாவது எப்படி என்று போதித்த அந்த மாமியாரின் வீட்டுக்குத்தான், வைத்தியராக முடியாமற் போன கிருபாபாய், சாமுவேல் சத்தியநாதனின் மனைவியாக மருமகளானார். உதகமண்டலத்தில் இருந்தபோது முஸ்லிம் பெண்களுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெற்ற குழந்தையைப் பறிகொடுத்தார். க்ஷயமும் துக்கமுமாக இருந்த அந்த வருஷங்களில் எழுதினார். 'சகுணா' 1887-இலும் 1888-இலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. 'கமலா' 1894-இல் வந்தது. அவ்வாண்டிலேயே, முப்பத்திரண்டு வயதில், குன்னூரில் காலமானார். எழுதிய பாஷை ஆங்கிலம்; இந்தியப் பெண் ஒருவர் அம்மொழியில் எழுதி முடித்து வெளிவந்த நாவல்களுள் அவை ஆதியானவை. நம் மாகாணத்திலே விளைந்தவை.

'சகுணா' பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் சரித்திரம். அதிலே, ஹிந்து ஆசாரத்தின் கெடுபிடியைச் சொல்லிய அதே நேர்மையோடு, இந்நாட்டுக் கிறிஸ்தவர்களைத் தங்களுக்குச் சமமாக உட்காரவிடாத வெள்ளைக்கார மிஷனரிச் சீமாட்டிகளின் அகந்தையையும் சொல்கிறார். தம்மை வளர்த்துவிட்ட கூட்டத்தாரின் குறையைத் தாமே எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'கமலா'வோ வேறொரு வகை. மலைச்சாரலில் தகப்பனாரின் நிழலில் சுதந்திரமாய் வளர்ந்த பிராமணச் சிறுமி, கணேசன் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு, மாமியார் கையில் வேலைக்காரியிலும் கீழாக நடத்தப்படுகிறாள். படித்தவனாகிய கணவன் அவளுக்கும் கல்வி புகட்ட முதலில் விரும்புகிறான். சுற்றத்தாரின் கேலிக்கு அஞ்சி விட்டுவிடுகிறான். பிறகு சாயி என்னும் வேறொரு பெண்ணின் வசப்படுகிறான். அந்தச் சாயி யார்? படித்தவள், அஞ்சாதவள், ஆண்களோடு சரிக்குச் சரி பேசுகிறவள். கல்விக்காகவே வாழ்ந்த கிருபாபாய், கல்வியுள்ள அந்தப் பெண்ணைத் தீயவளாகப் படைத்திருக்கிறார். கணவன் இறந்த பின், நெடுநாளாகத் தன்னை நேசித்துவந்த ராமச்சந்தர் மறுமணத்துக்கு வேண்டுகிறபோது, கமலா மறுத்துவிட்டுத் தன் பொருளையெல்லாம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் செலவிட்டு வாழ்கிறாள்.

இதற்கு நேரெதிராக ஓர் ஆண்மகன் எழுதிய நூலைச் சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கி இடையில் நின்றுபோன ஒரு கதையை, 1903-இல் 'முத்துமீனாக்ஷி' என்னும் பெயரில் முழுமையாக வெளியிட்டார். பிராமண விதவை தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அந்நாவல் மறுமணத்தில் முடிகிறது. மாதவையாவின் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் இரண்டையும் அருகில் வைத்துப் பார்க்கிறபோது, ஆண் எழுத்தாளர் தம் விதவைக்கு மணமுடித்து வைக்கிறார், பெண் எழுத்தாளர் தம் விதவையை விதவையாகவே நிறுத்துகிறார் என்கிற விநோதம் தோன்றுகிறதல்லவா? ஆகவே கிருபாபாய் பிற்போக்கானவர் என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது என்பதே என் அபிப்பிராயம். அந்நாளில் ராஜபாட்டையில் வண்டி ஓட்டுகிறவன் சாவடியிலே சுங்கம் கட்டிவிட்டுத்தான் அப்பால் போகமுடியும். பெண் எழுத்தாளர்கள் தம் கதையை ஊரார் நடுவே ஓட்டிச்செல்லக் கட்டிய சுங்கமே கடைசி அத்தியாயம். ஜோவின் கலியாணம் ஒரு சுங்கம். கமலாவின் வைதவ்யம் ஒரு சுங்கம். கட்டிவிட்டு அவர்கள் கொண்டுவந்து சேர்த்த சரக்கு எது என்று பார்க்க வேண்டும். மாமியார் வீட்டில் ஒரு சிறு பெண்ணின் விடியற்காலம் முதல் நடுச்சாமம் வரையிலான உழைப்பை, அவள் வாய்விட்டு அழவும் இடமில்லாத அந்த வீட்டின் அமைப்பை, படித்த கணவனின் கோழைத்தனத்தை, அக்காலத்து வாசகர் தாமே உள்ளேயிருந்து பார்ப்பதுபோலப் பார்க்கும்படி கிருபாபாய் செய்துவிட்டார். முந்நூறு பக்கம் ஒரு கொடுமையைக் கண்ணாரக் கண்டவன், கடைசி மூன்று பக்கம் அதைச் சமாதானம் செய்ததாலே கண்டதை மறந்துவிடமாட்டான். அமெரிக்காவிலே 1892-இல் ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் சுவர்க்காகிதம்' என்னும் சிறுகதையில், வைத்தியனாகிய கணவன் ஓய்வு என்ற பெயரால் மனைவியை எழுதவொட்டாமல் அறைக்குள் அடைத்து வைக்கிறான். அவள் சித்தம் கலங்குகிறாள். அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னே, நோய்ப்படுக்கையிலும் பேனாவை விடாத ஒரு பெண்ணின் நாவல் சென்னையில் வெளியாகிறது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு கதைகளும் ஒரே மூச்சுத்திணறலைச் சொல்கின்றன.

ஆகவே பெண்கள் எழுதிய கதையை அதன் முடிவைக் கொண்டு அளவிடாதீர்கள் என்பது நான் சொல்ல வந்ததன் முதற்பாதி. இரண்டாவது பாதி இதைவிடக் கசப்பானது. முடிவில் அளவிடலாகாதென்றால் வேறெங்கே அளவிடுவது? புறவாசலில் அளவிடுங்கள் என்கிறேன். வீட்டின் புறவாசலில் நிற்கிற பெண்களை, பாத்திரம் துலக்குகிறவளையும் நெல் குத்துகிறவளையும் பிள்ளை தூக்குகிறவளையும், அக்கதை பெயர் சொல்லி அழைக்கிறதா, அவர்களுக்கு வாய் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

1899-இல் கேட் ஷோப்பன் எழுதிய 'விழிப்பு' என்னும் நாவல், மனைவி என்றும் தாய் என்றும் தனக்கு வகுத்த கூண்டுகளை உதறும் எட்னா என்பவளின் கதை. விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள், நூல் நெடுங்காலம் மூலையிலே கிடந்தது, பிற்காலத்தில் பெண் விடுதலையின் மூலநூல்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. எட்னா ஓவியம் தீட்டவும் கடலாடவும் தன்னைத் தானே ஆராயவும் பொழுது வேண்டுமே, அந்தப் பொழுது எங்கிருந்து வந்தது? அவள் குழந்தைகளை ஒரு கலப்பினச் செவிலி தூக்கிச் சுமக்கிறாள். நாவல் முழுவதும் வந்து போகிற அச்செவிலிக்கு ஆசிரியர் ஒரு பெயர்கூட இடவில்லை. விழித்துக்கொண்ட பெண், தன் அருகிலேயே நிற்கும் பெண்ணைப் பார்க்கவில்லை. ஊர்வாய்க் கட்டையும் பெண் என்னும் கட்டையும் ஒருங்கே அறுத்த அப்பேனா, வர்க்கக் கட்டின்மேல் படவேயில்லை. மூன்று கட்டுகளிலும் இறுகியது இதுவே. ஏனெனில் மற்ற இரண்டும் எழுதுகிறவளை வருத்துகின்றன, இது அவளுக்கு வசதி செய்கிறது. தன்னை நெருக்கும் கயிற்றை அறுப்பதற்குத் துணிவு போதும். தனக்குச் சாய்மானமாகிய கயிற்றை அறுப்பதற்குத் துணிவோடு தர்மமும் வேண்டும்.

தமிழிலே இக்கதை எப்படி நடந்தது? வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901-இல் பிறந்தார். ஐந்தரை வயதில் அவருக்கு விவாகம் நடந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கதை சொல்லும் வரம் மட்டும் இருந்தது, எழுதும் பழக்கம் இல்லை. முதல் நாடகமாகிய 'இந்திரமோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் உட்கார்ந்து எழுதினார். அது 1924-ஆம் வருஷம். மறுவருஷமே 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையைத் தாமே ஏற்று, 'வைதேகி' என்னும் நாவலை அதில் வெளியிட்டார். 1960-இல் காலமாவதற்குள் 115 நாவல்கள் எழுதினார், மேடையில் பேசினார், கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவருடைய கதாநாயகியர் பெரும்பாலும் உத்தமிகள்; துன்புற்றுப் பொறுத்து ஈற்றில் வெல்பவர்கள். சுங்கம் ஒழுங்காகக் கட்டப்பட்டது. ஆயினும் பகல் வேலை ஓய்ந்து 'ஜகன்மோகினி'யை விரித்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, தம்மைப் போலவே பள்ளி காணாத ஒருத்தி எழுதுகிறாள், அச்சகம் நடத்துகிறாள், மேடை ஏறுகிறாள் என்னும் செய்தி, கதையைக் காட்டிலும் பெரிய கதையாக இருந்திருக்கும்.

அதே காலத்தில் சமூகத்தின் வேறொரு கோடியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883-இல் பிறந்தவர். வறுமையின் கொடுமையால் சிறு வயதிலேயே தாசி ஒருவர் கையில் விடப்பட்டு அக்குலத்து வழக்கப்படி வளர்க்கப்பட்டவர். அத்தளையை அறுத்துக்கொண்டு தாம் விரும்பியவரை மணந்து, ஊர் ஊராகச் சென்று தேவதாசி முறையை எதிர்த்துப் பேசினார்; அவமதிப்புக்கும் மிரட்டலுக்கும் ஆளானார். 1936-இல் 'தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் நயமான வருணனைகளைத் தேடுகிறவர் ஏமாறுவார். பிரசங்கங்கள் பக்கம் பக்கமாக வரும். ஆனால் மைனர்களின் பணம் எப்படிக் கைமாறுகிறது, ஒரு சிறுமியை எப்படித் தயார் செய்கிறார்கள், கோயிலும் ஜமீனும் புரோகிதமும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பவற்றையெல்லாம், உள்ளேயிருந்து பார்த்தவரன்றி வேறு யார் எழுத முடியும்? 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியதற்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சட்டசபையில் புரிந்த அரும்பணியோடு, இந்த அம்மையார் தெருத்தெருவாய் நடந்த நடையும் காரணமாகும். இழப்பதற்கு நல்ல பெயர் என்று ஒன்றை உலகம் அவருக்கு வைக்கவில்லை. ஆகவே சுங்கமும் கட்டவில்லை.

அதற்கு இலக்கிய உலகம் என்ன கைம்மாறு செய்தது? நாவல் சரித்திரங்களில் நெடுங்காலம் அந்நூலுக்கு இடமே இல்லை. அமெரிக்காவிலும் இதே அநீதி நடந்தது. 1859-இல் பாஸ்டன் நகரில் ஹாரியட் வில்சன் என்னும் கறுப்பினப் பெண், வெள்ளையர் வீட்டில் பட்ட கொடுமைகளைத் தழுவி ஒரு நாவல் எழுதித் தாமே வெளியிட்டார். நோயுற்ற தம்மையும் தம் பிள்ளையையும் காப்பாற்றுவதற்காகவே எழுதியதாக முகவுரையில் கூறினார். சில மாதங்களில் பிள்ளை இறந்துபோயிற்று. அந்நாவல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1980-களில் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் என்னும் அறிஞர் ஆசிரியர் யார் என்று ஆராய்ந்து நிலைநாட்டியபோது, அவருக்குக் கைகொடுத்த முக்கியச் சான்றுகளில் ஒன்று அந்தப் பிள்ளையின் மரணப் பதிவு. புறவாசலில் நின்ற பெண் தானே எழுதினால், அதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள உலகுக்கு நூறு வருஷம் பிடிக்கிறது.

நம் தென்பாண்டிச் சீமைக்கு மிக அணித்தான குமரி நாட்டுப் பனங்காடுகளைப் பற்றி, ஹெப்சிபா ஜேசுதாசன் அம்மையார் 1964-இல் எழுதிய 'புத்தம் வீடு' இவ்வரிசையில் ஒரு திருப்பம். அவர் ஆங்கில இலக்கியப் பேராசிரியை. நான் இதுவரை சொன்ன மேனாட்டு நூல்களின் மரபை நன்கறிந்தவர். ஆனால் எழுதியது பனைவிளை என்னும் கிராமத்தையே. லிஸி என்னும் பெண் வயது வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பழம்பெருமை பேசும் ஒரு வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் நெஞ்சம் நாடுகிற தங்கராஜோ பனையேறியின் மகன். இருவரும் ஒரே இனம், ஒரே வேதம், ஒரே கோயில். இடையில் நிற்பது ஒன்றே: ஒரு வீட்டார் பனை உடையவர், மற்ற வீட்டார் பனை ஏறுகிறவர். அந்த வீட்டின் செல்வமெல்லாம் கரைந்து, கண்ணப்பச்சி என்னும் கிழவரின் வீறாப்பு மட்டும் மிஞ்சியிருக்கிற காலத்திலும் அச்சுவர் இடியவில்லை. பணம் போன பிறகும் வர்க்கம் போகாது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன தமிழ் நாவலை நான் அறியேன். கதை கலியாணத்தில்தான் முடிகிறது. ஆனால் இந்தக் கலியாணம் ஊருக்குக் கட்டிய சுங்கமன்று. ஊர் எதை வேண்டாமென்றதோ அதுவே முடிவாகிறது. சிலவேளை கலியாணமே கலகமாகவும் அமையும் என்பதை லிஸி காட்டினாள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். இந்த அருவிக்கரையிலிருந்து கிழக்கே தென்காசி, கடையம், ஆலங்குளம் என்று போனால், தெருத்தெருவாகத் திண்ணைகளிலும் முற்றங்களிலும் பெண்கள் பீடி சுற்றுவதைக் காண்பீர்கள். மடியிலே சுளகு, அதிலே நறுக்கிய இலையும் தூளும், விரல்கள் கண்ணின் துணையை வேண்டாமல் இலையைச் சுருட்டி, தூளை அடக்கி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி முடிக்கும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைக் கற்றுக்கொள்கிறாள். கலியாணப் பேச்சு வருகிறபோது பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா என்பதும் ஒரு விசாரணையாக வருகிறது. விரலுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. ஆகவே அத்திண்ணைகளில் நாள் முழுதும் கதைகள் நடக்கின்றன. மாமியார் கதை, கடன் கதை, ஓடிப்போனவள் கதை, கணக்கில் கழித்த கட்டின் கதை எல்லாம் அங்கே உண்டு. கோதைநாயகி அம்மாளுக்கு ஒரு பட்டம்மாள் வாய்த்ததுபோல, இந்தப் பெண்களுக்கு அருகிலிருந்து எழுதிக்கொள்ளக் கைகள் வாய்க்கவில்லை. இத்தனைக்கும் அவர்களுடைய பெண்மக்கள் இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். அவர்களிற் சிலர் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

அவர்களை நோக்கியே என் கடைசி வார்த்தைகளைச் சொல்கிறேன். சகோதரிகளே, கிருபாபாயையும் கோதைநாயகியையும் படியுங்கள். அவர்கள் கட்டிய சுங்கத்துக்காக அவர்களை இகழாதீர்கள். அவர்கள் கட்டியதனால்தான் உங்களுக்குப் பாதை சும்மா திறந்திருக்கிறது. ராமாமிர்தம் அம்மையாரைப் படியுங்கள். நடை கரடுமுரடானது என்று ஒதுக்காதீர்கள். நடை என்பது ஓய்வுள்ளவர்களுக்குச் சீக்கிரம் வருவது. பிறகு நீங்களே எழுதுங்கள். எழுதும்போது உங்கள் வீட்டுத் தலைவாசலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்; ஆனால் உங்கள் வீட்டுப் புறவாசலில் நிற்பவளுக்கு ஒரு பெயர் வையுங்கள், அவளுக்கும் ஓர் ஆசை உண்டென்று நம்புங்கள், அவள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒரு முறையாவது அவள் வாயாலேயே கேளுங்கள். ஊருக்கு அஞ்சாமல் எழுதுவது அரைப் பங்கு விடுதலை. நம்மிலும் எளியவளை நமக்குச் சமமாக வைத்து எழுதுவதே மீதி அரைப் பங்கு. அந்த மீதியை நமக்கு முன் எழுதியவர்களில் மிகச் சிலரே செலுத்தினார்கள். எஞ்சிய கடன் நம்முடையது. அதைத் தீர்க்கும் நாவல்கள் இந்தத் தென்காசிச் சீமையிலிருந்து வரவேண்டும் என்று வேண்டுகிறேன்.